மூலையற்ற வீடு

கடல்வாழ் ஜீவன்களைக் கண்ணாடிச் சுவருக்குள் உயிரோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தை ஆட்கொண்டது. 1845இல் வரி நீங்கிக் கண்ணாடி மலிந்ததும், மீன் விடும் வாயுவைச் செடியும் செடி விடும் பிராணவாயுவை மீனும் ஏற்றுக்கொள்ளுமாறு அமைத்தால் நீரை மாற்றாமலே இரண்டும் நெடுநாள் வாழும் என்று 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன சாஸ்திரி எடுத்துக்காட்டியதும் அவ்வாசைக்குக் கைகொடுத்தன. 1853இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன்களுக்கென்றே ஒரு மண்டபம் திறக்கப்பட்டது. மறு வருஷம் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல், வசதி படைத்த குடும்பங்களின் கூடங்களுக்குத் தொட்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அக்காலத்து வீட்டுத் தொட்டிகளில் பெரும்பாலானவை, உலோகச் சட்டத்தில் தட்டைக் கண்ணாடியைப் பதித்த நாற்கோணப் பெட்டிகளே. சிறு மீனுக்கு அது போதும். சுறாவுக்கோ அதன் மூலையே சத்துரு. திறந்த சமுத்திரத்தில் திரியும் சுறாக்களில் பல, ஓயாமல் நீந்தி, திறந்த வாய் வழியே புகும் நீரைச் செவுள்களில் பாயவிட்டால்தான் சுவாசிக்க முடியும். மற்ற மீன்களில் பலவற்றுக்குள்ள காற்றுப்பையும் அவற்றுக்கு இல்லாமையால், வேகம் குன்றினால் உடல் கீழே அமிழும். மூலையில் சிக்கிய சுறா திரும்பத் திரும்பச் சுவரில் மோதி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்வது இதனால்தான்.

இக்குறையை நீக்க எண்ணியே சான்பிரான்சிஸ்கோவின் ஸ்டெயின்ஹார்ட் காட்சிசாலையில், பார்ப்பவர் நடுவே நிற்க மீன்கள் சுற்றிலும் முடிவின்றி ஓடும்படி, வளையவடிவத் தொட்டி ஒன்றை 1977இல் நிறுவினர். 1980இல் அங்கே விடப்பட்ட வெள்ளைச் சுறாக் குட்டியொன்று, மூலையே இல்லாத அந்தத் தொட்டியிலும் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போதெல்லாம் நிலைகுலைந்தது. சோதித்ததில் அவ்விடத்தில் மிக நுண்ணிய மின்வேறுபாடு இருப்பது புலப்பட்டது. சில தினங்களில் அக்குட்டியைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். அந்த முடிவே தர்மமானது என்பேன்.

அவ்வளவு நுண்ணிய மின்வேறுபாட்டையும் சுறா உணர்வது அதன் மூக்கைச் சுற்றியுள்ள நுண்துளைகளால்தான். அவற்றை இத்தாலியரான லொரென்சினி 1678இலேயே விவரித்திருந்தார். மணலுக்குள் மறைந்த தட்டைமீனை, அதன் உடலில் எழும் மின்சாரத்தைக் கொண்டே ஒரு சிறு பூனைச்சுறா கண்டுபிடிப்பதை 1971இல் கால்மின் என்ற ஆராய்ச்சியாளர் பரிசோதித்து நிலைநாட்டிய பிறகே, அத்துளைகளின் பிரயோஜனம் ஐயமறத் தெளிவாயிற்று.

இந்த வரலாற்றை நன்கு உணர்ந்தவர், வீட்டுக்குச் சுறா வேண்டுமென்றால் ஓடும் ஜாதியை நாடமாட்டார். தரையில் படுத்தபடியே நீரைச் செவுளுக்குள் இழுத்து சுவாசிக்கும் ஜாதியையே தேர்வார். நம் மன்னார் வளைகுடாவிலும் வாழும் மூங்கில் சுறாவும், வற்றத்தின்போது பவளப்பாறைக் குட்டைகளில் துடுப்புகளை ஊன்றி நடந்து, பிராணவாயு குறைந்த நீரையும் தாக்குப்பிடிக்கும் ஆஸ்திரேலிய எபாலெட் சுறாவும் அத்தகையவை. இவற்றின் முட்டைக்கூட்டிலிருந்து வெளிவரும் குட்டி ஒரு சாண் நீளம்கூட இராது; அதை நம்பி வாங்கிய தொட்டி, அது மூன்றடியை எட்டும்போது சிறையாகிவிடுகிறது. ஆகவே தொட்டியின் உயரத்தைவிடத் தரையின் விஸ்தீரணமே முக்கியம்: வளர்ந்த சுறா உடலை மடக்காமல் திரும்பும் அகலம் அவசியம். வயிறு உராயாதபடி மணல் மென்மையாக இருக்க வேண்டும். சுறா தோண்டும்போது பாறை சரியாதிருக்க, அதை மணல்மேல் வைக்காமல் தொட்டியின் அடித்தளத்திலேயே ஊன்றி, பின்பு மணலைப் பரப்ப வேண்டும். மற்ற மீன்களின் நோய்க்கு இடும் தாமிர மருந்து சுறாவுக்கு விஷம். மின்கசிவுள்ள மோட்டாரையோ துருப்பிடிக்கும் உலோகத்தையோ அந்த நீரில் இறக்கவே கூடாது.