மூன்று தங்கம், மூன்றிலும் அவர் இல்லை

ஜெர்மனி ஆண்கள் கூடைப்பந்து அணியின் தங்கங்களை எண்ண ஒரு கையே அதிகம். 1993 ஐரோப்பியக் கோப்பை, 2023 உலகக் கோப்பை, 2025 ஐரோப்பியக் கோப்பை. அவ்வளவுதான். அந்த நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் முதலில் வரும் பெயர் டிர்க் நோவிட்ஸ்கி. வேடிக்கை என்னன்னா, இந்த மூன்றிலும் அவர் ஆடவில்லை! முதல் தங்கத்தின்போது அவர் 15 வயசுப் பையன். இரண்டாவது வந்தபோது ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியிருந்தது.

அப்போ மனுஷன் என்னதான் சாதித்தார்?

1978இல் வூர்ட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். அப்பா ஹேண்ட்பால் வீரர், அம்மா தேசிய கூடைப்பந்து அணியில் ஆடியவர். பையனைக் கண்டெடுத்தவர் ஹோல்கர் கெஷ்விண்ட்னர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடியவர், கணக்கும் இயற்பியலும் படித்தவர். ஏழடி உயரப் பையன் என்றால் கூடைக்கு அடியில் நிறுத்துவதுதான் அன்றைய வழக்கம். இவரோ தூரத்தில் நின்று எறியச் சொல்லிக்கொடுத்தார். எந்தக் கோணத்தில் எறிந்தால் பந்து விழும் என்று கணக்கே போட்டார்!

1998இல் அமெரிக்காவின் என்பிஏ. டாலஸ் மேவரிக்ஸ் என்ற ஒரே அணியில் 21 சீசன்கள். ஆனால் பாதை சுகமாக இல்லை. 2006 இறுதித் தொடரில் மயாமிக்கு எதிராக 2-0 என்று முன்னிலை, பிறகு வரிசையாக நாலு தோல்வி. அடுத்த சீசனில் 67 வெற்றிகள். ஆனால் பிளேஆஃப் முதல் சுற்றிலேயே, எட்டாமிடத்தில் நுழைந்த கோல்டன் ஸ்டேட்டிடம் தோற்று வெளியே. அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருதை, அணி வெளியேறிய பிறகுதான் வாங்கினார். அந்த மேடையில் நிற்க எப்படி இருந்திருக்கும்! 'அழுத்தம் தாங்காத ஆள்' என்ற பேச்சும் ஒட்டிக்கொண்டது.

2011இல் மறுபடி அதே மயாமி. இப்போது அங்கே லெப்ரான், வேட், பாஷ் மூவரும். நாலாவது ஆட்டத்தில் காய்ச்சலோடு ஆடினார், ஜெயித்தார். 4-2 என்று கோப்பை கைக்கு வந்ததும் கொண்டாடக்கூட நிற்காமல் கண்ணீரோடு உடைமாற்றும் அறைக்கு ஓடிவிட்டார்.

சரி, ஜெர்மனிக்கு வருவோம். 1993க்கும் 2022க்கும் நடுவே, 29 வருஷத்தில், அந்த அணிக்குக் கிடைத்த பதக்கம் இரண்டே இரண்டு. 2002 உலகக் கோப்பையில் வெண்கலம், 2005 ஐரோப்பியக் கோப்பையில் வெள்ளி. தங்கம் வேறு நாட்டுக்குப் போயும், இரண்டு தொடரிலும் சிறந்த ஆட்டக்காரர் விருது நோவிட்ஸ்கிக்குத்தான். 16 வருஷ இடைவெளிக்குப் பிறகு 2008இல் அணியை ஒலிம்பிக்குக் கொண்டுபோனதும் அவர்தான். பீஜிங்கில் ஜெர்மனிக் கொடியை ஏந்தி நடந்தார்.

நாட்டுக்காகக் கடைசியாக ஆடியது 2015, பெர்லின். ஸ்பெயினிடம் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. அன்று கூட ஆடிய இளைஞர் டென்னிஸ் ஷ்ரூடர். எட்டு வருஷம் கழித்து மணிலாவில் ஷ்ரூடர் தலைமையில்தான் உலகத் தங்கம் வந்தது.

அதற்கும் நோவிட்ஸ்கிதான் காரணம் என்று சொன்னால் மிகை. அவர் இல்லாமலும் ஜெர்மனி ஜெயித்திருக்கிறது. ஆனால் பஞ்ச காலத்தில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவர் ஒருவர் இருந்தார். பதக்கப் பட்டியலில் அதை எழுத இடமில்லை, அவ்வளவுதான்.