சரித்திரப் புதிர்களும் சாண்டில்யனும்

வட திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலுக்குச் சென்றவர்கள் அங்குள்ள நந்தியை மறந்திருக்க மாட்டார்கள். மற்றச் சிவாலயங்களில் இறைவனை நோக்கிப் படுத்திருக்கும் நந்தி, இங்கே இறைவனுக்கு முதுகு காட்டிக் கிழக்கு நோக்கி இருக்கிறது. புழல் கோட்டைக் குறும்பரை வெல்ல மாட்டாமல் மீண்ட தொண்டைமானுக்கு உதவியாகப் போருக்குப் புறப்பட்ட கோலம் அது என்பது தலபுராணம். யானையின் காலில் சிக்கிய முல்லைக்கொடியை வாளால் வெட்டியபோது குருதி பெருகச் சிவலிங்கம் வெளிப்பட்டது என்றும், குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டு வந்த எருக்கந்தூண்களே சந்நிதியில் நிற்கின்றன என்றும் புராணம் மேலும் கூறும். அந்தத் தொண்டைமான் யார், எந்த ஆண்டில் வாழ்ந்தவன் என்று கேட்டால் புராணம் வாய் திறப்பதில்லை.

கல்லும் ஏடும் மௌனம் சாதிக்கும் இத்தகைய இடங்களில்தான் சரித்திர நாவலாசிரியனுக்கு வேலை பிறக்கிறது. அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்த 1960ஆம் ஆண்டுகளில், புராணத் தொண்டைமானோடு தொடர்பில்லாத மற்றொரு தொண்டைமான் தமிழ் வாசகர்களிடையே பெரும்புகழ் பெற்றான். அவன் குலோத்துங்க சோழனின் படைத்தலைவனான கருணாகரத் தொண்டைமான். 'கடல் புறா'வின் கதாநாயகனாக அவனைக் 'குமுதம்' இதழில் வாரந்தோறும் உலவவிட்டவர் சாண்டில்யன். தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து, அட்டை கட்டிப் பாதுகாத்த வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். ஓவியர் லதாவின் படங்களோடு கூடிய அத்தகைய கட்டுகள் இன்றும் சில வீட்டுப் பரண்களில் இருக்கக்கூடும்.

பாஷ்யம் என்னும் இயற்பெயர் கொண்ட சாண்டில்யன் 1910ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் பிறந்தார். மாயூரத்தை ஒட்டிய திருஇந்தளூர் அவருடைய ஊர். சென்னையில் பச்சையப்பன் பள்ளியில் பயின்று, திருச்சி புனித வளனார் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு வந்த இராஜாஜியால் ஈர்க்கப்பட்டுக் கல்லூரிப் படிப்பைத் துறந்து தேசிய இயக்கத்தில் இறங்கினார். பின்னர்ச் சென்னை தியாகராய நகரில் குடியேறியபோது கல்கியும் வெ. சாமிநாத சர்மாவும் அண்டை வீட்டு நண்பர்களாக வாய்த்தனர். அவர் எழுதிய 'சாந்தசீலன்' என்னும் சிறுகதை கல்கியின் கவனத்தைக் கவர்ந்து 'ஆனந்த விகட'னில் வெளிவந்தது. பிற்காலத்தில் எவருடைய நாவல்களோடு தம் நாவல்கள் ஓயாமல் ஒப்பிடப்பட்டனவோ, அவராலேயே அச்சேறியவர் சாண்டில்யன்.

1935 முதல் 1942 வரை 'சுதேசமித்திர'னில் நிருபர் பணி; அதன் பின் 'ஹிந்துஸ்தான்' வார இதழ். இடையே திரைப்படத் துறையும் அவரை அழைத்தது. வி. நாகையா, பி. என். ரெட்டி ஆகியோரின் நட்பால் 'சுவர்க்க சீமா' (1945), 'என் வீடு' (1953) ஆகிய படங்களின் எழுத்துப் பணியில் ஈடுபட்டார். ஒரு செய்தித்தாள் உருவாகும் விதத்தைக் காட்டும் ஆவணப்படம் ஒன்றையும் தயாரித்தார். 'பலாத்காரம்' என்ற அரசியல் நாவலைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார்; அது பின்னாளில் 'புரட்சிப் பெண்' எனப் பெயர் மாறியது.

இந்தப் பத்திரிகை வாழ்வையும் திரையுலக வாழ்வையும் வெறும் முன்கதையாக ஒதுக்கிவிடுவது பிழை. அகப்பட்ட இரண்டு மூன்று தகவல்களை வைத்துக்கொண்டு நடந்ததை ஊகித்தறிவது நிருபரின் தொழில். எந்த இடத்தில் காட்சியை முறித்தால் பார்ப்பவர் இருக்கையை விட்டு எழமாட்டார் என்பது திரைக்கதை எழுதுபவர் அறிந்தது. சரித்திர நாவலுக்கு வந்தபோது சாண்டில்யனின் கையில் இவ்விரண்டு கருவிகளும் இருந்தன. 'அமுதசுரபி'யில் 1950களின் தொடக்கத்தில் வெளிவந்த 'ஜீவ பூமி' அவரை இத்துறையில் நிலைநிறுத்தியது. அதன் பின் 'குமுத'த்தின் காலம். நாவல் எழுதுவதற்கென்றே மாதச் சம்பளம் பெற்ற மிகச் சில தமிழ் எழுத்தாளர்களில் அவர் ஒருவர். 'கன்னி மாடம்', 'மன்னன் மகள்', 'யவன ராணி', 'கடல் புறா', 'ராஜ முத்திரை', 'ஜல தீபம்', 'ராஜ திலகம்' என நாற்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் பெருகின. சோழர், பாண்டியர், பல்லவரோடு அவர் நிற்கவில்லை. ஹூணரை எதிர்த்த ஸ்கந்தகுப்தன் 'மலை வாச'லிலும், மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரே 'ஜல தீப'த்திலும், இராபர்ட் கிளைவ் 'ராஜ பேரிகை'யிலும் வருகின்றனர். 1751இல் கிளைவ் சென்னையிலிருந்து எந்த ஆர்க்காட்டை நோக்கிப் படையுடன் சென்றானோ, அந்த ஆர்க்காட்டுத் திசைக்குத்தான் பூந்தமல்லி நெடுஞ்சாலை இன்றும் செல்கிறது.

தமிழில் சரித்திர நாவல் 1895இல் தி. த. சரவணமுத்துப் பிள்ளையின் 'மோகனாங்கி'யோடு பிறந்தது. மர்ம நாவல் அதற்குச் சற்றுப் பின்னர் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் கையில் செழித்தது. இரண்டு ஓடைகளும் கல்கியிடம் ஒன்று கூடின என்று சொன்னால் மிகையாகாது. 'பார்த்திபன் கனவு' நாவலின் சிவனடியார் யார் என்ற ஐயமும், 'சிவகாமியின் சபத'த்தில் நாகநந்தியின் உருவ ஒற்றுமையும் மர்மக் கதையின் உத்திகளே. 'பொன்னியின் செல்வ'னில் ஆதித்த கரிகாலனின் கொலையை எடுத்துக்கொண்ட கல்கி, கொன்றவர் இவர்தாம் என்று அறுதியிட்டுக் கூறாமலே நாவலை முடித்தார். உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலியோரின் பெயர்களைச் சொல்கிறது. அவர்களை ஏவியவர் எவரேனும் உண்டா என்பதைச் சொல்லவில்லை. கல்கி அந்த மௌனத்தை மதித்தார்.

சாண்டில்யன் மௌனத்தை மதிப்பவர் அல்லர். அவருக்கு முடிச்சு என்றால் அவிழ்த்தாக வேண்டும். இருவருக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே. நடை, வருணனை பற்றிய வேறுபாடுகளெல்லாம் இதற்குப் பின்னர்தான்.

'யவன ராணி'யைப் பார்க்கலாம். கரிகாலன் இளமையில் தந்தையை இழந்தான் என்பதும், பகைவர் சிறையிலிருந்து தப்பினான் என்பதும், தீயில் கால் கருகியது என்பதும் பொருநராற்றுப்படை, பட்டினப்பாலை, பழைய வெண்பாக்கள் ஆகியவற்றிலிருந்து தெரிய வருபவை. பகைவர் யார், எவ்வாறு தப்பினான் என்பவற்றைப் புலவர்கள் விரித்துரைக்கவில்லை. புலவனுக்கு அது தேவையும் இல்லை. சாண்டில்யன் அந்த இடத்தில் இளஞ்சேட்சென்னியின் கொலையையும் இருங்கோவேளின் சதியையும் வைத்தார். புகார்க் கடற்கரையில் ஓர் இரவில் யவனப் பெண்ணொருத்தி கரை ஒதுங்கிக் கிடக்க, சோழர் படைத்தலைவன் இளஞ்செழியன் அவளைக் காண்பதாகக் கதையைத் தொடங்கினார். சங்கப் பாடல்களில் யவனர் வருகின்றனர். யவனர்க்கு ஓர் அரசி புகாரில் இல்லை. ஆனால் அந்தத் தொடக்கத்தைப் படித்தவர்கள் பட்டினப்பாலை நகரத்தைத் தம் தெருவாக நடந்து பார்த்தார்கள்.

'கடல் புறா'வில் முடிச்சு இன்னும் ஆழமானது. இராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கா தேவியின் வயிற்றில் பிறந்த வேங்கி இளவரசனே, 1070இல் சோழ அரியணையேறிய முதற்குலோத்துங்கன். தந்தை இராஜராஜ நரேந்திரனின் மறைவுக்குப் பின் வேங்கியைச் சிற்றப்பன் விஜயாதித்தன் கைப்பற்றிக் கொள்ள, இடைப்பட்ட ஆண்டுகளில் இளவரசன் எங்கே இருந்தான்? வயிராகரத்தில் யானைகளைக் கைப்பற்றியதையும் சக்கரக்கோட்டத்தை வென்றதையும் அவனுடைய ஆரம்பகால மெய்க்கீர்த்தி கூறுவதால், வடக்கே இருந்தான் என்பர் ஒரு சாரார். கடாரத்தை வென்று, உதவி நாடி வந்த அதன் அரசனுக்கே திருப்பி அளித்ததாக வீரராஜேந்திரன் கல்வெட்டு கூறுகிறது. சோழ நாட்டிலிருந்து 1077இல் 72 பேர் கொண்ட தூதுக் குழு சீனம் சென்றது. சீனத்துக் குவாங்சௌ நகரின் தாவோ மதக் கோயிலில் உள்ள 1079ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஸ்ரீவிஜயத் தலைவன் ஒருவனின் திருப்பணியைப் பேசுகிறது. தூதனுப்பிய அரசனின் பெயரும் இத்தலைவனின் பெயரும் சீன எழுத்தில் ஒத்திருப்பதைக் கொண்டு, இளவரசன் குலோத்துங்கன் ஸ்ரீவிஜயத்தில் சில காலம் இருந்திருக்கலாம் என்று ஊகித்த அறிஞர்களும் உண்டு. அறிஞர்களின் வழக்கு முடியவில்லை. சாண்டில்யன் முடித்துவிட்டார். அநபாயன் என்ற பெயரோடு அந்த இளவரசனையும், அவனுடைய நண்பனாகக் கருணாகரனையும் பாலூர்ப் பெருந்துறையில் சந்திக்க வைத்து, அங்கிருந்து கடாரத்து இளவரசி காஞ்சனாதேவியின் பொருட்டுக் கீழைக் கடலுக்கு அனுப்பினார். மூன்று பாகங்கள் நீளும் அந்நாவலின் உண்மையான கதாநாயகன் அந்தக் கப்பல்தான் என்று சொல்பவர்கள் உண்டு. பாய், சுக்கான், நங்கூரம், எரியம்பு என்று மரக்கலத்தின் உறுப்புகளையும் போர்முறையையும் அத்துணை விரிவாகத் தமிழ் உரைநடை அதற்கு முன் கையாண்டதில்லை என்றே தோன்றுகிறது.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. இளஞ்செழியனும் கருணாகரனும் 'ஜல தீப'த்தின் இதயசந்திரனும் உடையை மாற்றிக்கொண்டால் ஒருவருக்கொருவர் வேறுபாடு தெரியாது. ஒரு வீரன், அவனை விரும்பும் இரு பெண்கள் என்ற அச்சு திரும்பத் திரும்ப வருகிறது. கோட்டைக்குள் பகைவர் நுழைந்துகொண்டிருக்கும் வேளையில் நாயகியின் எழிலை இரண்டு பக்கம் வருணிக்கும் துணிச்சல் அவருக்கு மட்டுமே உரியது! அந்த வருணனைகளை வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்து ஒதுக்கினார்கள். ஒதுக்கிய பின் தனியே படித்தார்கள் என்பதும் ஊரறிந்ததே. திறனாய்வாளர்கள் இவற்றையெல்லாம் காட்டி அவரை இலக்கிய வாசலுக்கு வெளியே நிறுத்தினர். வாரந்தோறும் ஒரு திருப்பம் கேட்கும் தொடர்கதைக்கு மாதச் சம்பளத்தில் எழுதியவர், அந்தத் தீர்ப்பைத் தாமும் ஓரளவு வரவழைத்துக்கொண்டார் என்றே கூற வேண்டும்.

அதனினும் கனமான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. முன்னுரைகளில் வரலாற்று ஆதாரங்களை எடுத்துரைப்பது அவர் வழக்கம். ஆதாரம் உள்ள ஒன்றும் கற்பனையான ஒன்பதும் ஒரே உறுதியோடு பேசப்படுவதால், எது கல்வெட்டு, எது கதை என்று பிரித்தறிய வாசகனுக்கு வழியில்லாமல் போகிறது. மஞ்சளழகியைச் சரித்திரப் பெண் என்று நம்பியவர் பலர். கல்கியும் நந்தினியைப் படைத்தார். ஆனால் கொலையின் மர்மத்தை அவர் திறந்தபடியே விட்டுச் சென்றதால், வாசகனுக்கு ஐயம் எஞ்சியது. ஐயம் எஞ்சினால் சிலர் கல்வெட்டைத் தேடிப் போவார்கள். புதிரை அவிழ்த்துக் கையில் கொடுத்துவிட்டால் தேடுவதற்கு என்ன இருக்கிறது? சாண்டில்யனைப் பற்றிய வழக்கில் கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. அவருடைய வருணனைகள் பற்றிய வழக்கு இதற்கு அடுத்தபடியானதே.

ஆயினும் எதிர்வழக்கும் எளிதில் தள்ளத்தக்கதன்று. புலவர் பட்டத்துக்குப் பயில்பவர் அன்றி வேறு எவரும் பரணியைப் புரட்டாத ஒரு காலத்தில், சைக்கிள் தொழிற்சாலையில் பணி முடித்து மின்சார ரயிலில் திரும்புகிறவர் கருணாகரத் தொண்டைமான் என்ற பெயரைத் தம் உறவினர் பெயரைப்போல் உச்சரித்தார். ஜெயங்கொண்டாரின் நூலில் அந்தப் பெயர் இருக்கிறது என்று பிறகு எவரேனும் சொன்னபோது அவர் வியந்தார்; சிலர் நூலையும் வாங்கினர். பதவுரை கூறும் பேராசிரியர்கள் செய்யாத வேலை இது.

'குமுத'த்தை விட்டு விலகிய பின் 'கமலம்' என்ற வார இதழை அவர் தாமே நடத்தினார். அது நிலைக்கவில்லை. திரைத்துறை அனுபவங்களைத் தொகுத்து 1985இல் 'சினிமா வளர்ந்த கதை'யை எழுதினார். 1987ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் மறைந்தார். வானதி பதிப்பகத்தின் வழியே அவருடைய நாவல்கள் அவர் காலத்துக்குப் பின்னும் பதிப்புக் கண்டன.

'கடல் புறா'வைப் படித்துவிட்டுக் கலிங்கத்துப்பரணியை எடுக்கும் வாசகர் அங்கே சில ஏமாற்றங்களைச் சந்திப்பார். கருணாகரன் இருக்கிறான். கலிங்கப் போர் 1110ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்ததாதலால், நாவலின் இளைஞன் அப்போது எழுபதைத் தொட்டிருக்க வேண்டும். காஞ்சனாதேவி இல்லை. மஞ்சளழகி இல்லை. 'அவதாரம்' என்னும் பகுதிக்கு வந்தால், வீரராஜேந்திரன் மறைந்து நாடு அலைக்கழிந்த வேளையில் அநபாயன் எங்கே இருந்தான் என்பதையும் ஜெயங்கொண்டார் சொல்லியிருக்கிறார்: வடதிசைப் படையெடுப்பில். அவனுடைய அவைக்களத்தில் இருந்த புலவர் வடக்கே கை காட்டுகிறார். எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகிய பின் வந்த நிருபர், அந்தச் சாட்சியத்தை ஒதுக்கிவிட்டுக் கப்பலைக் கிழக்கே திருப்பினார்.