ஹேங்கரும் உதிரி பாகமும்: சீ கிங் முதல் சீஹாக் வரை இந்தியக் கடற்படையின் ஹெலிகாப்டர் கொள்முதல்

1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் அரபிக்கடலில் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கியது. பாகிஸ்தானின் ‘ஹாங்கோர்’ நீர்மூழ்கி ஏவிய டார்பிடோவால் 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தனர். கேப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலை விட்டு வெளியேறாமல் அதோடு போனார். அந்த நீர்மூழ்கியைத் தேடி அழிக்கவே குக்ரி பம்பாயிலிருந்து புறப்பட்டிருந்தது. தேடிப் போன கப்பலே இலக்கானதற்கு மாலுமிகளின் துணிவில் குறை காண முடியாது. கடல்நீரின் இயல்பு நீர்மூழ்கிக்குச் சாதகமாக இருந்தது. அரபிக்கடலில் மேலே வெதுவெதுப்பான நீரும் கீழே குளிர்ந்த நீரும் அடுக்காக நிற்கும். கப்பலின் அடிவயிற்றில் பொருத்திய சோனார் அனுப்பும் ஒலி அந்த அடுக்கில் வளைந்துவிடுவதால், அதற்குக் கீழே பதுங்கியவனுக்குக் கப்பல் கேட்கும், கப்பலுக்கு அவன் கேட்கமாட்டான். இந்தச் சமனின்மையை உடைக்கக்கூடியது ஹெலிகாப்டர். அது நீர்மட்டத்துக்கு மேலே அசையாமல் நின்று, கம்பியில் சோனாரை இறக்கி, குளிர்ந்த அடுக்குக்குள்ளேயே காதை வைக்கும். அதன் மீது டார்பிடோவும் பாயாது. பிரிட்டனில் வாங்கிய சீ கிங் ஹெலிகாப்டர்களைக் கொண்ட 330-ஆம் ஸ்குவாட்ரன் அதே 1971 ஏப்ரலில்தான் தொடங்கப்பட்டிருந்தது. குக்ரி வகைக் கப்பலிலோ அத்தகைய ஹெலிகாப்டர் இறங்கத் தளமே இல்லை.

தாக்குதல் ஹெலிகாப்டர் என்றதும் விமானப்படையின் அப்பாச்சியும் மி-35-உம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் மும்பையைப் பொறுத்தவரை பொருள்படும் தாக்குதல் ஹெலிகாப்டர் கப்பலில் இருந்து எழுவதுதான். இந்நகரின் துறைமுகத்தில் ஜவாஹர் தீவில் இறங்கும் கச்சா எண்ணெய் குழாய் வழியாகச் செம்பூரை ஒட்டிய மாகுல் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போகிறது. 1974-இல் கண்டறியப்பட்ட பாம்பே ஹை எண்ணெய்வயல் கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளித் திறந்த கடலில் நிற்கிறது. ஒரேயொரு நீர்மூழ்கி இவ்வளவையும் முடக்கலாம். ஆகவே எந்த நாட்டு ஹெலிகாப்டரை எந்த அளவுகோலால் ஒப்பிட்டு வாங்கினோம் என்பது இந்நகரத்துக்கு நேரடியாகப் பொருள்படும் கேள்வி. ஒப்பீட்டு அட்டவணைகள் வேகம், தூரம், ஆயுதச் சுமை ஆகியவற்றை அருகருகே அடுக்குகின்றன. ஐம்பது ஆண்டு வரலாற்றைப் படித்தால் அவை தீர்மானித்தது குறைவு என்று தெரிகிறது. தீர்மானித்தவை இரண்டு: கப்பலில் ஹெலிகாப்டர் தங்கும் ஹேங்கர், உதிரி பாகம் புறப்படும் ஊர்.

ஹேங்கரின் கதை மும்பை மஸகான் கப்பல் கட்டுமானத் தளத்தில் எழுதப்பட்டது. அங்கே 1972-இல் முடிந்த நீல்கிரி, பிரிட்டனின் லியாண்டர் வடிவில் சிறிய ஹெலிகாப்டர் ஒன்றுக்கு மட்டுமே இடம் கொண்டிருந்தது. அதே வரிசையின் கடைசிக் கப்பல்களான தாராகிரியும் விந்தியகிரியும் 1980, 1981-இல் வந்தபோது பின்தளம் மாற்றி அமைக்கப்பட்டு, ஒரு சீ கிங் தங்கும் அளவுக்கு ஹேங்கர் நீண்டது. 1983 டிசம்பரில் சேர்ந்த கோதாவரி இரண்டு சீ கிங்குகளைச் சுமந்தது. இது எளிய காரியமல்ல. சீ கிங்கின் சுழலி விரிந்த நிலையில் சுமார் 18.9 மீட்டர், கோதாவரியின் அகலமோ சுமார் 14.5 மீட்டர்தான். ஆடும் தளத்தில் ஏறத்தாழ பத்து டன் எடையுள்ள இயந்திரத்தை இறக்கி, இறக்கைகளை மடித்து, உள்ளே இழுத்து வைக்கும் ஏற்பாட்டை அந்த அளவுள்ள கப்பலில் பொருத்திக் காட்டியது இந்திய வடிவமைப்பாளர்களின் பெரிய சாதனை என்றே கருதுகிறேன். அந்தச் சாதனைக்கு ஒரு விலையும் இருந்தது. கப்பலின் உடல் ஓர் அயல்நாட்டு ஹெலிகாப்டரின் அளவெடுத்துத் தைக்கப்பட்டது. ஹெலிகாப்டர் முப்பது ஆண்டுக்குள் தேய்ந்தாலும் ஹேங்கர் அப்படியே நிற்கும்.

ஏறக்குறைய அதே காலத்தில் சோவியத் ஒன்றியத்திலிருந்து ராஜ்புத் வகைப் போர்க்கப்பல்கள் வந்தன. அவற்றோடு காமோவ்-25, பின்னர் காமோவ்-28 வந்தன. காமோவில் ஒரே அச்சில் இரண்டு சுழலிகள் எதிரெதிராகச் சுழல்வதால் வாலில் விசிறி வேண்டியதில்லை. உடல் குட்டையாகிறது, சுழலியும் சுமார் 16 மீட்டருக்குள் அடங்குகிறது. எடை சுமக்கும் திறனில் காமோவ்-28 சீ கிங்குக்குச் சளைத்ததல்ல. சீ கிங்கின் 42பி வகையோ சோனாரும் டார்பிடோவும் தவிர, கப்பலைத் தாக்கும் சீ ஈகிள் ஏவுகணையையும் தூக்கியது. தாளில் வைத்து ஒப்பிட்டால் விவாதம் முடியாது. தளத்தில் வைத்து ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்: ராஜ்புத்தின் ஹேங்கரில் சீ கிங்குக்கு இடமில்லை. ஒரே கடற்படைக்குள் இரண்டு நாட்டு ஹெலிகாப்டர்கள், இரண்டு பயிற்சி முறைகள், இரண்டு உதிரி பாகக் கிடங்குகள் என்ற பிளவு இவ்வாறு உருவானது. எந்தப் போட்டித் தேர்வும் இதை முடிவு செய்யவில்லை. எந்த நாட்டிடம் கப்பல் வாங்கினோமோ அந்த நாடே ஹெலிகாப்டரையும் முடிவு செய்தது.

உதிரி பாகத்தின் ஊர் எவ்வளவு முக்கியம் என்பதை 1998 காட்டியது. பொக்ரானில் மே 11, 13 தேதிகளில் அணுச் சோதனை நடந்ததும் அமெரிக்கா தடைகள் விதித்தது. சீ கிங் பிரிட்டனின் வெஸ்ட்லேண்ட் தயாரிப்பு, ஆனால் மூல வடிவம் அமெரிக்காவின் சிகோர்ஸ்கியுடையது. பல உறுப்புகள் அமெரிக்க உரிமம் பெற்றவை என்பதால் லண்டன் விரும்பினாலும் அனுப்ப முடியவில்லை. 42பி வகையில் சோனார் பிரான்ஸிலிருந்தும் டார்பிடோ இத்தாலியிலிருந்தும் வந்தவை. இத்தனை நாடுகளின் சம்மதம் இருந்தால்தான் ஒரு ஹெலிகாப்டர் எழும். தடைக்காலத்தில் பறக்க முடியாமல் நின்றவை பல. வாங்கும்போது பல நாட்டுச் சிறந்த கருவிகளைச் சேர்த்தது அறிவார்ந்த தேர்வாகத் தோன்றியது. தடை வந்தபோது அதே தேர்வு பல கதவுகளில் தட்ட வேண்டிய நிலையாகிவிட்டது.

அப்படியானால் ரஷ்ய ஹெலிகாப்டரை மட்டும் நம்பியிருக்கலாமே என்ற வாதம் எழும். மாஸ்கோ தடை விதித்ததில்லை என்பது உண்மை. ஆனால் 1991-இல் சோவியத் ஒன்றியமே சிதறியபோது தொழிற்சாலைகள் வெவ்வேறு நாடுகளில் விழுந்தன. காமோவ்-28-இன் டிவி3-117 எஞ்சின்கள் பெருமளவில் செய்யப்பட்டது உக்ரைனின் ஸபோரிஷியாவில் உள்ள மோட்டார் சிச் ஆலையில். இன்று அந்நகரம் போர்முனைக்கு அருகில் இருக்கிறது. தடை என்ற பெயர் இல்லாமலேயே தடை நிகழ முடியும். காமோவ்கள் முழுச் சீரமைப்புக்காகக் காத்திருந்த ஆண்டுகளும் குறைவல்ல.

மூன்றாவது காரணியான தாமதத்தை நான் தொடக்கத்தில் தனியாகச் சொல்லாததற்குக் காரணம், அது மேற்சொன்ன இரண்டையும் மோசமாக்கும் ஒன்று என்பதே. சீ கிங்குக்கு மாற்றாக 16 பலநோக்கு ஹெலிகாப்டர்கள் வாங்கும் போட்டியில் ஐரோப்பாவின் என்.எச்-90-உம் சிகோர்ஸ்கியின் எஸ்-70பி-யும் மோதின. இதற்கிடையே முக்கியப் பிரமுகர்களுக்கான 12 ஏ.டபிள்யூ-101 ஹெலிகாப்டர் ஒப்பந்தம், 2010-இல் சுமார் 3,546 கோடி ரூபாய்க்குக் கையெழுத்தாகி, லஞ்சக் குற்றச்சாட்டில் 2014 ஜனவரி முதல் நாள் ரத்தானது. விற்றவர்கள் அகஸ்டாவெஸ்ட்லேண்ட், அதாவது சீ கிங் செய்த வெஸ்ட்லேண்டின் வழித்தோன்றல். அதன் தாய் நிறுவனமான ஃபின்மெக்கானிகாவுக்கு என்.எச்-90-இலும் பங்கு இருந்தது. இந்தப் பின்னணியில் 2014 டிசம்பரில் எஸ்-70பி தேர்வாகி, விலைப் பேச்சில் சிக்கி, 2017-இல் அந்தத் தேர்வே கைவிடப்பட்டது. ஊழலை விசாரிக்கக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் விசாரணை நடந்த ஆண்டுகளிலும் மஸகானில் கப்பல்கள் தயாராகிக்கொண்டே இருந்தன. 2014-இல் கொல்கத்தா, 2021-இல் விசாகப்பட்டினம் என இரண்டு ஹெலிகாப்டருக்கு ஹேங்கர் உள்ள போர்க்கப்பல்கள் மும்பையில் கடற்படையில் சேர்ந்தன. நீர்மூழ்கியைத் தேடும் நவீன ஹெலிகாப்டர் மட்டும் வரவில்லை. விமானப்படையிலும் இதே நிலைதான்: மி-28-ஐ வென்று 2012-இல் தேர்வான அப்பாச்சிக்கு 2015-இல் ஒப்பந்தம், 2019 செப்டம்பரில் பதான்கோட்டில் சேர்ப்பு.

2020 பிப்ரவரியில் 24 எம்.எச்-60ஆர் சீஹாக்குகளுக்கு அமெரிக்க அரசுடன் ஒப்பந்தம் ஆயிற்று. மதிப்பு சுமார் 15,000 கோடி ரூபாய். 2024 மார்ச் 6-இல் கொச்சியில் 334-ஆம் ஸ்குவாட்ரன் தொடங்கியது, அடுத்தது 2025 டிசம்பரில் கோவாவில். இத்தனை காத்திருப்புக்கும் மேலான ஹெலிகாப்டர் கிடைத்துவிட்டதே என்று சொல்பவர்களின் வாதத்தில் பாதியை ஏற்கிறேன். சீஹாக்கின் சோனாரும் கணினியும் முந்தையவற்றோடு ஒப்பிடத்தக்கவை அல்ல. அமெரிக்கக் கடற்படையே நூற்றுக்கணக்கில் பயன்படுத்துவதால் உதிரி பாக வழி சட்டென்று மூடாது. சீ கிங் தனியொரு வகையாகத் தனித்து நின்ற கதி இதற்கு வராது. ஆனால் 1998-இல் பூட்டிய அதே கதவின் முன்புதான் இப்போது மொத்தமாக நிற்கிறோம் என்பது மறுபாதி. 2025 நவம்பரில் இந்த 24-ஐயும் ஐந்தாண்டு பராமரிக்கத் தனி ஒப்பந்தம் போடப்பட்டது, சுமார் 8,000 கோடி ரூபாய்க்கு. வாங்கிய விலையில் பாதிக்கு மேல்.

உள்நாட்டிலேயே செய்தால் இச்சிக்கல் தீரும் என்போருக்கும் பதில் உண்டு. திசை சரி. ஆனால் உள்நாட்டுத் தயாரிப்பான துருவ் ஹெலிகாப்டரைக் கப்பல் ஹேங்கருக்குள் மடித்து வைப்பதில் நீண்டகாலம் தடுமாற்றம் இருந்தது. 2025 ஜனவரியில் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்த பிறகு அவ்வகை ஹெலிகாப்டர்கள் பறக்காமல் நிறுத்தப்பட்டன. உள்நாட்டு வகை ஒன்றை மட்டும் நம்பியிருந்தாலும் மொத்தப் படையும் ஒரே நாளில் நிற்க நேரிடும் என்பதை அது காட்டியது. துருவின் ‘சக்தி’ எஞ்சினும் பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து உருவானதே. பெங்களூரில் எச்.ஏ.எல். வடிவமைத்துவரும் கப்பல்தளப் பலநோக்கு ஹெலிகாப்டருக்கு எஞ்சின் எங்கிருந்து, அந்த ஊர் நமக்கு எதிராக மூடினால் மாற்று எது, பதினைந்தாம் ஆண்டில் நூற்றுக்கு எத்தனை பறக்கும் நிலையில் இருக்கும் என்ற கேள்விகள் வேகத்தையும் தூரத்தையும் கேட்பதற்கு முன்பே கேட்கப்பட வேண்டும். பாகிஸ்தான் சீனாவிடம் எட்டு நீர்மூழ்கிகள் வாங்குகிறது, முதலாவது 2024 ஏப்ரலில் நீரில் இறங்கியது. அந்த வகைக்கு ஹாங்கோர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.