அக்கியும் தமனியும்: எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் குறித்து ஒரு மறுவாசிப்பு

எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்கு அக்கி கண்டால், எதிர்ப்பாற்றல் குறைந்ததன் அடையாளமாக மருத்துவர் அதைக் குறித்துக்கொள்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவ நிலைப் பகுப்பிலும் அக்கிக்கு இரண்டாம் நிலையில் இடமுண்டு. இந்த வாசிப்பு சரியானதே, ஆனால் போதாது. அதே அக்கியை ரத்தக்குழாய்களைப் பற்றிய எச்சரிக்கையாகவும் வாசிக்க வேண்டும் என்பது என் வாதம்.

சின்னம்மை ஆறிய பிறகும் அதன் வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடந்து, எதிர்ப்பாற்றல் தளர்ந்ததும் நரம்பின் வழியே தோலுக்கு வந்து அக்கியாகிறது. முகத்துக்கு உணர்ச்சி தரும் முப்பிரிவு நரம்பின் இழைகள் மூளைத் தமனிகளையும் சென்றடைகின்றன. அவ்வழியே புகும் வைரஸ் தமனியின் வெளிச்சுவரிலிருந்து உள்நோக்கிப் பரவி, அழற்சியால் குழாயைக் குறுக்கிவிடுகிறது. கண்ணைச் சுற்றி வரும் அக்கிக்குப் பின் பக்கவாத அபாயம் கூடுதலாக இருப்பது இதனால்தான் எனலாம். மாரடைப்புக்கு இவ்வளவு தெளிவான பாதை இல்லை. உடல் முழுதும் எழும் அழற்சி, உறையும் தன்மை கூடிய ரத்தம், கடும் வலியில் ஏறும் ரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்தே காரணமாகக்கூடும்.

அமெரிக்க முதியோரிடையே நடந்து 2015இல் வெளியான ஆய்வில், அக்கி வந்த முதல் வாரத்தில் ரத்த அடைப்பால் வரும் பக்கவாதம் சுமார் 2.4 மடங்கும் மாரடைப்பு 1.7 மடங்கும் கூடியிருந்தன. அந்த ஆய்வு ஒருவரின் அக்கிக் காலத்தை அவருடைய மற்ற காலத்தோடேயே ஒப்பிட்டது. புகைப்பழக்கம், பரம்பரை போன்ற மாறாத வேறுபாடுகள் அதனால் விலகிவிடும். எச்.ஐ.வி.யில் இந்த முறைக்கு ஒரு சிக்கல் உண்டு. எதிர்ப்பாற்றலைக் காட்டும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும். அது சரியும் காலத்தில் அக்கியும் வரலாம், ரத்தக்குழாயும் பாதிக்கப்படலாம். ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அக்கி காரணமா, வெறும் அறிகுறியா என்ற கேள்வி அக்கித் தடுப்பூசிக்குத்தான் முக்கியம், பரிசோதனைக்கு அல்ல. அறிகுறியாக மட்டுமே இருந்தாலும் அந்த நாளில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்ப்பதற்கு அதுவே போதுமான காரணம். எச்.ஐ.வி. உள்ளவர்களின் இதயம் ஏற்கெனவே பாரம் சுமப்பது. அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடையே நடந்த 2013ஆம் ஆண்டு ஆய்வு, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ 50 விழுக்காடு அதிகம் எனக் கண்டது. இந்தியா உட்பட 12 நாடுகளில் எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ‘ரிப்ரீவ்’ ஆய்வில், கொழுப்பைக் குறைக்கும் பிட்டாவாஸ்டாட்டின் மருந்து, தினம் 4 மில்லிகிராம் அளவில், பெரும் இதயநோய் நிகழ்வுகளை 35 விழுக்காடு குறைத்தது. அபாயம் குறைவு அல்லது நடுத்தரம் என்று கணிக்கப்பட்டவர்களிடமே இந்தப் பலன் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அக்கிக்கு இன்னொரு வாசிப்பும் இருக்கிறது. ஊரில் குயவரிடம் போய்ச் செங்காவியால் அக்கி எழுதிக்கொள்வார்கள். அதில் கிடைக்கும் ஆறுதலை நான் குறைத்துப் பேசவில்லை; கவலையெல்லாம் கடந்துபோகும் நாட்களைப் பற்றியது. ஏசைக்ளோவிர் போன்ற மருந்தைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. எழுதிக்கொண்டவரும் அன்றைக்கே எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு வரலாம் என்று அங்கிருக்கும் ஆலோசகர் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

அக்கிக்கு எதிரான, உயிருள்ள வைரஸ் இல்லாத, இரண்டு தவணைத் தடுப்பூசி 2023 முதல் இந்தியச் சந்தையில் கிடைக்கிறது. அது அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. விலையோ கூலி வேலை செய்பவருக்கு எட்டாதது. அக்கியையும் மாதக்கணக்கில் நீளும் நரம்பு வலியையும் தடுப்பதற்காகவே எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அதை அரசு வழங்க வேண்டும். இதயத்தையும் காக்கும் என்ற வாக்குறுதியை அதனோடு சேர்க்கத் தேவையில்லை.