புழுவின் நரம்பைத் தொடர்ந்த கைகள்

ஓ.எல் விஞ்ஞானத்தோட நுணுக்குக்காட்டிக்குப் பிரியாவிடை சொன்ன கலைப்பீடத்து ஆக்கள் நாங்கள். ஆனாலும் இந்தக் கதையில் எங்களுக்கும் ஒரு இடம் இருக்கு.

மூளையில் எந்த நரம்புக்கலம் எதோடு தொடுபடுகிறது என்று முழுதாய்ப் பார்க்கச் சாதாரண நுணுக்குக்காட்டி காணாது; இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும். அதற்கு இழையத்தைப் பாண் வெட்டுற மாதிரி, ஆனால் மிக மிக மெல்லிய சீவல்களாக வெட்டிப் படமெடுக்க வேண்டும். பிறகு ஒரு படத்தில் உள்ள கலம் அடுத்த படத்தில் எங்கே போகிறது என்று தொடர வேண்டும்.

1970களில் கேம்பிரிட்ஜில் சிட்னி பிரெனரின் குழு, ஒரு மில்லிமீற்றர் நீளமான வட்டப்புழுவில் இதைச் செய்யத் தொடங்கியது. ஜோன் வைற் கணினியால் முயன்று பார்த்தார். அந்தக் காலத்துக் கணினிக்கு ஏலவில்லை. கடைசியில் அச்சிட்ட படங்களில் பேனையால் குறியிட்டு, கையாலேயே தொடர்ந்தார்கள். அப்படிக் கனகாலம் இருந்து குறித்தவர் ஆய்வுகூட உதவியாளர் எய்லீன் சவுத்கேற். 302 நரம்புக்கலங்களின் இணைப்பு வரைபடம் 1986இல், 340 பக்கங்களில் வெளிவந்தது.

இப்ப கணினி வளர்ந்திட்டுது. 2024 ஒக்டோபரில் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தின் மாலா மூர்த்தி, செபாஸ்ரியன் செயுங் தலைமையிலான கூட்டுக்குழு, பழ ஈ ஒன்றின் முழு மூளை வரைபடத்தை வெளியிட்டது: 139,255 நரம்புக்கலங்கள். சுமார் 7,000 சீவல்களின் படங்களில் கலங்களைப் பிரித்தது செயற்கை நுண்ணறிவு. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. வெளியிட்ட ‘தரணி’யும், சிசு மூளையின் 5,132 சீவல்களைக் கணினியில் அடுக்கியதுதான். அங்கே ஒளி நுணுக்குக்காட்டி. முறை கிட்டத்தட்ட ஒன்று.

அப்ப மனிசருக்கு வேலை இல்லையோ? இருக்கு. கணினி சிலவேளை இரண்டு கலங்களை ஒன்றாக்கிவிடும். ஒன்றை இரண்டாக வெட்டிவிடும். பழ ஈ வரைபடத்தில் அந்தப் பிழைகளைத் திருத்த, ஒரு ஆள் 33 வருடம் இருந்து செய்கிற அளவு உழைப்புத் தேவைப்பட்டது. ஆய்வாளர்களோடு, இணையம் வழியாகச் சேர்ந்த தொண்டர்களும் இருந்து திருத்தினார்கள்.

பழைய தமிழ்ப் பத்திரிகையை ஸ்கான் பண்ணி எழுத்தாக்கிப் பாருங்கோ. ‘ர’வும் அரவும் மாறிப்போகும், எங்களில் ஒருத்தர் இருந்து வரி வரியாய்ப் பார்க்க வேணும். அதே வேலைதான்.

பிரெனருக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பெயர் பாடப்புத்தகத்தில் வரும். 1986 கட்டுரையின் இரண்டாவது ஆசிரியராய் எய்லீனின் பெயரும் இருக்கு. எத்தனை பேருக்குத் தெரியும்? இனி ஆராவது “கணினி செய்தது” எண்டு சொன்னால், ஆர் இருந்து திருத்தினது எண்டும் கேளுங்கோ. வரலாறு படிக்கிற எங்கட பங்கு அதுதான்.