'பார்டர் சுகர்' இந்தியாவில் எத்தனை பேருக்கு இருக்கு? 13.6 கோடி என்ற கணக்கு சொல்வது என்ன?

"உங்களுக்கு சுகர் இல்லைங்க, பார்டர்ல இருக்கு, அவ்வளவுதான்."

லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் இப்படிச் சொன்னதும் பலரும் நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வழியில் ஒரு டீயும் ரெண்டு பிஸ்கட்டும் ஆகிவிடும். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' கணக்கில் இந்தியாவில் இருப்பவர்கள் சுமார் 13.6 கோடி பேர். சர்க்கரை நோய் வந்துவிட்டவர்கள் சுமார் 10.1 கோடி. அதாவது வாசலில் நிற்பவர்கள் உள்ளே போனவர்களைவிட அதிகம்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வில் இருந்து. 31 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 20 வயதைத் தாண்டிய 1,13,043 பேரிடம் சோதனை செய்து, 2023 ஜூன் மாதம் லான்செட் குழும இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். 100 பேரில் 11.4 பேருக்கு சர்க்கரை நோய், 15.3 பேருக்கு அதற்கு முந்தைய நிலை. 2021 மக்கள்தொகைக்கு இதைப் பொருத்திப் பார்த்துத்தான் 13.6 கோடி என்றார்கள்.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 2008ல் தொடங்கி 2020 வரை கட்டம் கட்டமாக நடந்த ஆய்வு இது. எல்லா மாநிலத்தையும் ஒரே நாளில் எடுத்த போட்டோ இல்லை.

எந்த அளவு வந்தால் 'பார்டர்'?

வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரை அளவு 126ஐத் தொட்டால் சர்க்கரை நோய். அதற்குக் கீழே எங்கிருந்து பார்டர் தொடங்குகிறது என்பதில்தான் குழப்பம். உலக சுகாதார நிறுவனம் 110 என்கிறது, அமெரிக்க நீரிழிவு சங்கம் 100லேயே தொடங்குகிறது. 104 இருக்கும் ஒருவர் ஒரு கணக்கில் நார்மல், இன்னொரு கணக்கில் பார்டர்! இந்தியாப் ஆய்வு எடுத்துக்கொண்டது உலக சுகாதார நிறுவனத்தின் அளவை. அமெரிக்க அளவில் பார்த்தால் 15.3 என்ற எண் இன்னும் ஏறும். மூன்று அமெரிக்கர்களில் ஒருவருக்கு மேல் பார்டர் சுகர் என்ற செய்தியை நம்ம ஊர் எண்ணோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது என்பதும் இதனால்தான்.

75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்து, 2 மணி நேரம் கழித்து எடுக்கும் டெஸ்ட்டில் 140 முதல் 199 வரை இருந்தாலும் பார்டர்தான். வெறும் வயிற்றில் 95 காட்டும் ஒருவருக்கு இந்த டெஸ்ட்டில் 160 வரலாம். ஃபாஸ்டிங் மட்டும் பார்த்துவிட்டு "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்பவர்கள் கவனிக்க. மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி டெஸ்ட்டில் 5.7 முதல் 6.4 வரை இந்த நிலை.

தமிழ்நாட்டில் குறைவு... சந்தோஷப்படலாமா?

தேசிய சராசரி 15.3 சதவீதம் என்றால் தமிழ்நாட்டில் 10.2 தான். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பக்கத்து வரியையும் படிக்க வேண்டும்: தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 சதவீதம், தேசிய சராசரியைவிட அதிகம். இங்கே பலர் ஏற்கெனவே பார்டரைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

உத்தரப் பிரதேசத்தில் கதை தலைகீழ். சர்க்கரை நோய் 4.8 சதவீதம், நாட்டிலேயே குறைவு. ஆனால் பார்டரில் இருப்பவர்கள் 18 சதவீதம். ஒரு நோயாளிக்குப் பின்னால் கிட்டத்தட்ட நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள். பார்டர் சுகர் மிக அதிகம் இருப்பது சிக்கிமில், 31.3 சதவீதம்.

கிராமத்தில் இருந்தால் தப்பிக்கலாம் என்பதும் இனி செல்லாது. சர்க்கரை நோய் நகரத்தில் 16.4, கிராமத்தில் 8.9 என்று பெரிய இடைவெளி உண்டு. ஆனால் பார்டர் சுகரில் இரண்டு இடமும் ஏறக்குறைய 15 சதவீதத்தில்தான் நிற்கின்றன.

பார்டரில் இருந்தால் கண்டிப்பா சுகர் வந்துடுமா?

இல்லை. ஆனால் நம்மவர்களுக்கு வேகம் அதிகம். சென்னையில் மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006ல் வெளியானது. எந்தத் தலையீடும் இல்லாமல் விடப்பட்ட பிரிவில், 3 ஆண்டுகளில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளி ஆனார்கள். அமெரிக்காவில் 2002ல் வெளியான இதே மாதிரி ஆய்வில் அது சுமார் 29 சதவீதம்தான். அங்கே கலந்துகொண்டவர்கள் நம்மவர்களைவிட குண்டானவர்கள் என்பதுதான் ஆச்சரியம்.

நல்ல சேதியும் அதே சென்னை ஆய்வில் இருக்கிறது. நடை, உணவுக் கட்டுப்பாடு என்று மாறிய பிரிவில் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 26.4. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 28.2, அதாவது கூடுதல் லாபம் இல்லை. மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று மெடிக்கலில் வாங்கிப் போடாதீர்கள்.

வீட்டிலேயே ஒரு கணக்கு

பார்டர் சுகருக்கு பெரும்பாலும் அறிகுறியே கிடையாது. அதனால் யார் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க, மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறது. உதாரணத்துக்கு, 42 வயது ஆண். வயது 35 முதல் 49 வரை என்றால் 20 மதிப்பெண். இடுப்பளவு 92 செ.மீ., அதற்கு 10. உட்கார்ந்தே வேலை, உடற்பயிற்சி கிடையாது, அதற்கு 30. அம்மாவுக்கு மட்டும் சுகர், அதற்கு 10. மொத்தம் 70.

60 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து அதிகம் என்று அர்த்தம், ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இந்த நாலில் வயதையும் அம்மாவையும் மாற்ற முடியாது. மற்ற இரண்டில் 40 மதிப்பெண் இருக்கிறது.