மதுபோதை ஓட்டுநர்: ஆணையின்றி இரத்தம் எடுத்தல்

குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகச் சந்தேகிக்கப்படுபவரின் இரத்தத்தை நீதிமன்ற ஆணை இல்லாமலே எடுத்துப் பரிசோதிக்கும் நடைமுறை. இரத்தத்தில் மது குறைந்துகொண்டே போகிறது என்பது மட்டுமே ஆணையைத் தவிர்க்கக் காரணமாகாது என்று 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மிசௌரி மாநில வழக்கு ஒன்றில் கூறியது. இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ஆணையின்றி இரத்தம் கேட்கும் அதிகாரத்தைக் காவலரிடமே தருகிறது. மத்தியச் சட்டம் என்பதால் ஓசூரை அடுத்த ஜூஜூவாடியிலும் கர்நாடக எல்லை தாண்டிய அத்திப்பள்ளியிலும் விதி ஒன்றே: 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம் (பிரிவு 185). ஊதும் கருவி மதுவைக் காட்டினாலோ, ஊத மறுத்தாலோ, கைதானவரிடம் இரத்தம் கேட்கலாம் (204). அதை மறுப்பதும் அவருக்கு எதிராகக் கொள்ளப்படலாம் (205).

ஓட்டுநருக்கு உண்மையான காப்பு 202ஆம் பிரிவுதான். கைதான இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்காவிட்டால் அவரை விடுவிக்க வேண்டும். அஞ்செட்டி மலைப்பாதையில் நள்ளிரவில் ஒருவர் பிடிபட்டால் இந்தக் கெடு காவலரை நெருக்கும். ஆனாலும் அதைத் தளர்த்தக் கூடாது. இரத்தம் எடுக்கும் முறையிலும் கவனம் தேவை: ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது. குப்பியில் சோடியம் ஃபுளூரைடு இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் இரத்தம் நொதித்து மதுவின் அளவு கூடிவிடலாம். உரிமத்தை நம்பிப் பிழைக்கும் லாரி ஓட்டுநருக்கு இவை சிறிய விஷயங்கள் அல்ல. இரத்தப் பரிசோதனை முடிவு இல்லாமல், வாய் நாற்றம், தள்ளாட்டம், விரிந்த கண்மணி ஆகியவை மட்டும் போதையை நிரூபிக்கப் போதா என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1971இல் கூறியிருக்கிறது.